சோதிடமும் சட்டமும்



சோதிடம் மெய்யா, பொய்யா என்னும் வழக்கு நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. பட்டிமன்ற மேடைகளில் அதனை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. சோதிடம் பார்ப்பதை ஒருவர் தொழிலாக மேற்கொண்டு, அதற்குக் கட்டணமும் பெறுவாராயின், நாட்டின் சட்டம் அவரை எவ்வாறு நோக்குகின்றது? மருத்துவரைப் போலவும் வழக்கறிஞரைப் போலவும் அவர் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமா? அவர் கூறியது தவறினால் கேட்பார் உண்டா? அவர் சொல்லால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்குப் பரிகாரம் எங்கே கிடைக்கும்? இவையே இன்றைய வினாக்கள்.

தமிழ்நாட்டில் இத்தொழில் மிகப் பழையது. கோள்களின் நிலையைக் கணித்துக் கூறியவனைக் 'கணி' என்றும் 'கணியன்' என்றும் நம் முன்னோர் வழங்கினர். சிலப்பதிகாரத்தில் அரசனைச் சூழ்ந்திருப்போருள் ஆசானும் அமைச்சரும் இருப்பதுபோலப் பெருங்கணியும் இருக்கக் காண்கிறோம். கணிக்கு விடப்பட்ட நிலத்தைக் 'கணிமுற்றூட்டு' என்னும் சொல் குறிக்கின்றது. ஆகவே பண்டைத் தமிழகத்தில் சோதிடம் அரசின் ஆதரவு பெற்ற தொழிலாகவே இருந்தது. ஆனால் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் அவ்வாறு இருந்ததில்லை. உலக வரலாற்றை நோக்கினால், சோதிடத் தொழிலைக் குறித்து அரசுகள் மூன்று வழிகளை மேற்கொண்டிருப்பது புலனாகும். முதலாவது, தொழிலையே தடுப்பது. இரண்டாவது, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துவது. மூன்றாவது, தொழிலை அதன் போக்கில் விட்டு, அதில் நிகழும் மோசடியை மட்டும் தண்டிப்பது. இம்மூன்றையும் முறையே காண்போம்.

தடுக்கும் வழிக்குத் தக்க எடுத்துக்காட்டு உரோமாபுரி. கி.மு. 139-ஆம் ஆண்டிலேயே, சோதிடர்கள் பத்து நாட்களுக்குள் உரோமையும் இத்தாலியையும் விட்டு வெளியேற வேண்டுமென ஆணை பிறந்தது. கி.பி. 11-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் பேரரசர் மற்றோர் ஆணை பிறப்பித்தார். குறி கூறுவோர் எவரும் தனியறையில் ஒருவருக்கு மட்டும் பலன் சொல்லலாகாது; பிறர் உடனிருந்தாலும் மரணத்தைப் பற்றிச் சொல்லவே கூடாது என்பது அவ்வாணை. இதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். பேரரசர் எப்போது இறப்பார் என்று ஒருவன் கேட்கத் தொடங்கினால், அடுத்தபடி அவர் அரியணையை அவன் விரும்பத் தொடங்குவான். குடிமக்கள் ஏமாறுவரே என்னும் இரக்கத்தைவிட, ஆட்சிக்கு ஆபத்து வருமே என்னும் அச்சமே இத்தகைய ஆணைகளில் மிகுதி. இவ்வச்சம் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. நம் அண்டை நாடாகிய இலங்கையில், குடியரசுத் தலைவர் குறித்த நாளுக்குள் இறந்துவிடுவார் எனக் கணித்துப் பரப்பிய ஒருவர் 2017-ஆம் ஆண்டு சனவரியில் கைது செய்யப்பட்டார்.

இங்கிலாந்து வேறொரு காரணத்தால் இவ்வழியிற் சென்றது. நெப்போலியனோடு நடந்த போர்கள் ஓய்ந்தபின், வேலையும் வீடுமின்றி அலைவோர் அந்நாட்டில் பெருகினர். அவர்களை அடக்குவதற்கு 1824-ஆம் ஆண்டில் நாடோடிகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் நான்காம் பிரிவில், கைரேகை முதலிய உபாயங்களால் பிறரை ஏமாற்றக் குறி சொல்லுவோரும் சேர்க்கப்பட்டனர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். தெருவில் திரியும் குறிகாரரை நோக்கி எழுந்த இச்சட்டம், நாளடைவில் அலுவலகம் அமைத்து, அச்சிட்ட சாதகங்களை அஞ்சலில் விற்ற சோதிடர் மீதும் பாய்ந்தது. ஆலன் லியோ என்பவர் அந்நாட்டில் பெயர்பெற்ற சோதிடர். 1914-ஆம் ஆண்டில் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்குத் தள்ளுபடியாயிற்று. 1917-ஆம் ஆண்டில் மீண்டும் வழக்கு வந்தது. 'நடக்கப் போவதை நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை; மனிதனின் இயல்புப் போக்கையே சொல்லுகிறேன்' என்பது அவர் எதிர்வாதத்தின் சாரம். நீதிமன்றம் அதனை ஏற்காமல் ஐந்து பவுன் அபராதமும் வழக்குச் செலவும் விதித்தது. சில வாரங்களில் அவர் காலமானார்.

இதனோடு ஒப்பிட வேண்டிய வழக்கொன்று அதே 1914-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடந்தது. எவாஞ்சலின் ஆடம்ஸ் என்னும் பெண்மணி குறி சொன்னதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிபதி முன் நிறுத்தப்பட்டார். தாம் கையாளும் முறை இன்னது, அதன் கணக்கு இன்னது என்று அவர் விளக்கினார். நீதிபதி அவரை விடுதலை செய்தார். ஒரே தொழில், ஒரே வகையான எதிர்வாதம். ஓரிடத்தில் அபராதம், மற்றோரிடத்தில் விடுதலை. தொழிலையே குற்றமாக்கும் சட்டத்தின் குறை இங்கே தெரிகிறது. எது மெய்யான நம்பிக்கை, எது நடிப்பு என்று பிரிக்கும் சுமை முழுவதும் தனியொரு நீதிபதியின் தலையில் ஏறிவிடுகிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் குறி சொல்வதைக் குற்றமாக்கிய சொற்கள் 1989-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. கலிபோர்னியா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1985-ஆம் ஆண்டில், கட்டணம் பெற்றுக் குறி சொல்வதை ஒரு நகராட்சி முற்றிலும் தடுத்தது பேச்சுரிமைக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தடுக்கும் வழி இவ்வாறு மெல்ல மெல்லத் தேய்ந்து வந்துள்ளது.

இனி, உரிமம் கொடுக்கும் வழி. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2003-ஆம் ஆண்டில், குறி சொல்வோர் உரிமம் பெற வேண்டும், கட்டண விவரத்தை எல்லாரும் காண எழுதி வைக்க வேண்டும் என்று விதி செய்தது. ருமேனியா நாடு 2011-ஆம் ஆண்டில் சோதிடரையும் மந்திரக்காரரையும் அங்கீகரிக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலில் சேர்த்தது. பெருமை செய்வதற்கன்று, வருமான வரி வாங்குவதற்கு! அங்குள்ள மந்திரக்காரிகள் சிலர் சினங்கொண்டு, அரசுக்குக் கேடு விளையும்படி நச்சு வேர்களைத் தான்யூப் ஆற்றில் எறிந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அரசு அசையவில்லை.

உரிமம் என்றவுடன் உங்களிடையே ஒரு வினா எழலாம். மருத்துவர்க்குத் தேர்வு வைத்துப் பதிவு அளிப்பதுபோலச் சோதிடர்க்கும் தேர்வு வைத்தால் போலிகள் ஒழிந்துவிடமாட்டார்களா? நல்ல வினா. ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் என்னும் முறையில் இதற்கு விடை கூற எனக்குச் சிறிது உரிமை உண்டு. தேர்வு என்றால் அதற்குச் சரியான விடை இன்னது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திருத்துபவர் எவராயினும் மதிப்பெண் பெரிதும் மாறலாகாது. சோதிடத்தில் கணித பாகம், பல பாகம் என இரு பகுதிகள் உண்டு. இன்ன நாளில் இன்ன கோள் வானத்தில் எங்கே நிற்கும் என்பது கணித பாகம். அதனால் இன்னார்க்கு இன்னது நிகழும் என்பது பல பாகம். முதற்பகுதிக்குத் தேர்வு வைக்கலாம். வானத்தைப் பார்த்தே விடை திருத்தலாம். நம் அரசு அதனை ஒருவகையில் செய்தும் இருக்கிறது. நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழங்குவதைக் கண்டு, அறிவியலறிஞர் மேகநாத சாஹா தலைமையில் 1952-ஆம் ஆண்டில் ஒரு குழு அமைத்தது. அதன் பயனாக 1957-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசு வானக் கணக்கை ஒழுங்குபடுத்திற்று. பலன் கூறுவதில் தலையிடவில்லை.

கணக்கிலேயே இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். நம் நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கம் மற்றொன்று. திருக்கணிதப்படி 2025-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் சனிப்பெயர்ச்சி. வாக்கியப்படி அப்பெயர்ச்சி 2026-ஆம் ஆண்டுக்கு உரியது. அரசு தேர்வு வைக்குமாயின் இவற்றுள் எதனைச் சரியான விடையாகக் கொள்வது?

பல பாகத்துக்கும் ஒருமுறை தேர்வு நடந்ததுண்டு. வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவருடன் சேர்ந்தோரும் மராட்டிய மாநிலத்தில் அதனை நடத்தினர். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சியிற் குறைபாடுடைய 100 பிள்ளைகள் ஆகியோரின் சாதகங்களைத் திரட்டினர். ஒவ்வொரு சோதிடர்க்கும் 40 சாதகங்களைக் கலந்து அனுப்பி, எது எவ்வகைப் பிள்ளையினுடையது எனக் கூறும்படி கேட்டனர். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். சராசரியாக நூற்றுக்கு 46 விடைகளே சரியாயிருந்தன. காசைச் சுண்டிப் பார்த்தால் நூற்றுக்கு 50 கிடைக்கும். இம்முடிவு 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தகைய பாடத்தில் ஒருவர் தேறினார் என்று அரசு முத்திரையிட்டுக் கொடுத்தால், அம்முத்திரை எதற்குச் சான்றாகும்? போலியை ஒழிப்பதற்கு மாறாக, ஐயத்துக்கு இடமானதற்கு அரசின் பெயரைக் கடன் கொடுத்ததாகவே முடியும்.

இந்தியா சென்றது மூன்றாம் வழி. ஆங்கிலேயர் தம் நாட்டில் குறி சொல்வதைக் குற்றமாக வைத்திருந்த காலத்திலேயே, 1860-ஆம் ஆண்டில் நமக்கு வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அத்தகைய குற்றம் ஒன்றைத் தனியே சேர்க்கவில்லை. விடுதலை பெற்றபின் நம் அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியது. வழக்கறிஞர்க்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மருத்துவர்க்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சோதிடர்க்கு அத்தகைய மன்றமும் இல்லை, பதிவேடும் இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில் வகைப்பாட்டில் சோதிடத்துக்கு ஓரிடம் உண்டு. திருமணத் தகவல் நிலையம், பச்சை குத்தும் கடை, காலணிக்கு மெருகிடும் வேலை ஆகியவற்றோடு 'பிற தனிநபர் சேவைகள்' என்னும் தலைப்பின்கீழ் அது நிற்கிறது. ஏளனமும் இல்லை, ஏற்றமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அது கட்டணத்துக்குச் செய்யும் ஒரு சேவை. அவ்வளவே.

ஆனால் சேவை என்றால் அதற்குரிய கட்டுப்பாடுகளும் உண்டு. அறிந்தே பொய் கூறிப் பொருள் பறிப்பது மோசடி. 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்தவருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கேட்டதைக் கொடுக்காவிட்டால் தெய்வத்தின் சினம் உன்மேல் விழும்படி நான் செய்வேன் என்று அச்சுறுத்துவது 354-ஆம் பிரிவின்படி குற்றம். தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மீறினால் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. தவறான விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. வாக்குப்பதிவு முடியும்வரை தடைசெய்யப்பட்ட காலத்தில் சோதிடர் வாயிலாகத் தேர்தல் முடிவைக் கூறுவதும் விதிமீறலே என்று 2017-ஆம் ஆண்டில் தேர்தல் ஆணையம் செய்தி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மராட்டிய மாநிலம் 2013-ஆம் ஆண்டில் நரபலி, பில்லி சூனியம் முதலிய கொடுமைகளுக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. அச்சட்டமும் சோதிடர் கூறும் ஆலோசனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். 2001-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் சோதிடப் பாடம் தொடங்க முடிவு செய்தது. அறிவியலறிஞர் பி. எம். பார்கவா முதலியோர் அதனை எதிர்த்து வழக்காடினர். 2004-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. 'சோதிடம் மெய்யென்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது' என்று சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். நீதிமன்றத்தின் முன் இருந்த வினா வேறு. எந்தப் பாடத்தைக் கற்பிக்கலாம் என்று ஒரு வல்லுநர் குழு முடிவு செய்தபின் அதில் நீதிமன்றம் குறுக்கிடலாமா என்பதே அது. பாடம் தொடரத் தடையில்லை என்பது ஒன்று. பலன் பலிக்கும் என்பது மற்றொன்று. தடுக்கப்படாதது எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டது ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை நீங்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழியே நல்ல வழி என்பது என் கருத்து. அது நம்புகிறவனுடைய உரிமையையும் காக்கிறது, ஏமாற்றுகிறவனையும் விடுவதில்லை. ஆயினும் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. இதுகாறும் சொன்ன சட்டங்களெல்லாம் யாரைக் காக்கின்றன? பெரும்பாலும் கட்டணம் கொடுத்தவரை. வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர் என்னும் இருவரையே சட்டம் காண்கிறது. சாதகத்துக்கு உரியவரோ பலமுறை மூன்றாமவர். அவர் அச்சோதிடரைக் கண்ணாலும் கண்டதில்லை.

மூல நட்சத்திரத்திற் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாதவள் என்றும், ஆயிலியத்திற் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாதவள் என்றும் ஊரார் பேசுவதை அறிவீர்கள். சோதிட நூல் கற்றவர்களே இவற்றுக்குப் பல விலக்குகள் கூறுவர். ஊரார் அவற்றைக் கேட்பதில்லை. பெண் பார்க்க வந்த வீட்டார் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து போகின்றனர். அவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். சோதிடர் தாம் நம்பியதைச் சொன்னார். மோசடி இல்லை, வழக்கும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தீங்கு நேர்ந்துவிட்டது. 'இந்த ஆண்டு படிப்பு ஏறாது' என்று கேட்டு மகனைக் கல்லூரிக்கு அனுப்பாத தந்தையும், நல்ல நேரம் பார்த்து மருத்துவமனைக்குப் புறப்படலாம் என்று நோயாளியைக் காக்க வைக்கும் குடும்பமும் இவ்வாறே. அந்த மகனும் அந்த நோயாளியும் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவார்கள்?

சட்டம் இயன்றதைச் செய்துள்ளது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு திருமணத்துக்கு வேண்டிய தகுதிகளைக் கூறுகிறது. வயது உண்டு, மனநலம் உண்டு, நட்சத்திரப் பொருத்தம் இல்லை. ஆனால் பொருத்தம் பார்க்காதே என்று எந்தச் சட்டமும் ஒரு வீட்டுக்குள் புகுந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அங்கே காவலிருக்கத் தக்கவர் அவ்வீட்டிற் கல்வி கற்றவரே. அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து அறியும் உணர்வையும் வளர்த்தல் குடிமகனின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது. அக்கடமை மேடையிற் பேசுவதற்கு மட்டும் உரியதன்று; வீட்டுக் கூடத்தில், பெரியவர்கள் சாதகக் கட்டை விரித்து வைத்திருக்கும் நேரத்தில் ஆற்ற வேண்டியது.

அதனை ஆற்றும்போது பணிவை மறவாதீர்கள். தாயின் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது அறிவாகாது. தெருவோரத்தில் கிளிக்கூண்டோடு அமர்ந்து அன்றாடம் பிழைப்பவரை இழித்துப் பேசுவது வீரமும் ஆகாது. மூன்று வினாக்களை மட்டும் அமைதியாகக் கேளுங்கள். இதில் என்ன வாக்களிக்கப்படுகிறது? அதற்கு என்ன விலை கேட்கப்படுகிறது? இதனால் யார் எதனை இழக்கப் போகிறார்? முதல் இரண்டு வினாக்களுக்கு விடை தவறானால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். மூன்றாம் வினாவைச் சட்டம் கேட்பதில்லை. மருந்தையோ, படிப்பையோ, ஒரு பெண்ணின் வாழ்வையோ இழக்க நேரும் என்று விடை வருமானால், அங்கே எழுந்து நின்று 'வேண்டா' என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.